ஹார்லண்ட் வீட்டுப் பெத்தியாள்கள்

சால்ட்டர் குடா, மாசசூசெட்ஸ்
1891 செப்டம்பர் 6

என் அப்பி,

ஐம்பது வயது முடிந்து தாடியும் நரைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நரைக்கட்டும். எனக்கு நீ அப்பிதான். அம்மாவை அடக்கம் செய்த அன்று என் பாவாடையைப் பிடித்தவன் மூன்று நாள் விடவில்லையே, அந்த அப்பி.

கர்த்தர் கிருபையால் இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் மச்சான் எல்க்கானாவுக்கு முழங்கால் வலி. உப்புப் போட்ட மீனைக் காயவைக்கும் பரண்களில் ஏறவே முடியவில்லை என்கிறார், ஆனால் ஏறிவிடுகிறார். உன் லவினியாவின் நெஞ்சு எப்படியிருக்கிறது? மறைக்காமல் எழுது.

நீ அனுப்பிய பெரிய தாள் வந்தது. மூன்று குளிர்காலம் மட்டுமே பள்ளிக்கூடம் போனவளுக்கு இத்தனை கட்டம் போட்ட தாளா? பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு, இறப்பின் காரணம். பார்த்ததுமே எனக்குத் தலை சுற்றியது. நம் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் ஓபேத் ஹார்லண்ட் இந்தக் கரையில் இறங்கியதிலிருந்து எல்லாரையும் ஒரு புத்தகத்தில் சேர்க்கப் போகிறாய் என்று எல்க்கானாவிடம் சொன்னேன். "செத்தவங்கள எண்ணுறதுக்கு உன் தம்பிக்குச் சம்பளம் யாரு குடுக்கிறா?" என்று கேட்டார். நீ அதற்குக் கோபப்படாதே. மாலையில் தானே வந்து, "என் பேரும் அதுல வருமா?" என்று கேட்டார்.

கிரான்பெரிப் பழப் பறிப்பு முடிந்ததும் தாளை நிரப்பி அனுப்புகிறேன். பெத்தியாள் சுகம். மகளைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

உன் அக்கா,
கேத்துராள்

*

மரியட்டா, ஒஹாயோ
1891 அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டேன். உன் எழுத்து சாய்ந்து நடந்தாலும் வழி தவறுவதில்லை. நான் சுகம். லவினியாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மற்றபடி குறையில்லை. மச்சானுக்குச் சொல், கட்டாயம் அவர் பெயரும் வரும், முழங்காலோடு.

எனக்கு நீ ஒரு வேலை செய்ய வேண்டும். ஓபேத் 1638-இல் வந்தார். அவருடைய நிலப்பத்திரத்தின் நகல் கிடைத்தது. நிலத்தைக் கொடுத்த செவ்விந்தியருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு கீறல் மட்டும் இருக்கிறது. நில அளவைக்காரனான எனக்கே அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அது போகட்டும். அவருக்கும் மனைவி தாமரிஸுக்கும் ஏழு பிள்ளைகளா, எட்டா என்பதுதான் சிக்கல். சபைப் புத்தகத்தின் நகலில் 1641-இல் பெத்தியாள் என்று ஒரு ஞானஸ்நானம். 1646-இல் மறுபடியும் பெத்தியாள். உயிலில் ஒரே பெத்தியாள்தான், அவளுக்கு ஒரு பசுமாடு. நகல் எடுத்தவர் ஒரே பிள்ளையை இரண்டு முறை எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். சபைப் புத்தகத்தை நீ நேரில் பார்த்துச் சொல்.

நம் பெத்தியாளின் நிழற்படம் ஒன்று வேண்டும். புத்தகத்தில் போடுவேன். இருபத்து நாலு வயதாகிவிட்டதே அக்கா! உங்கள் கேப் காட் கரைப் பையன்கள் எல்லாருக்கும் கண்பார்வை போய்விட்டதா? தாய்மாமன் வந்து மாப்பிள்ளை தேட வேண்டுமா?

லவினியா கேட்கச் சொன்னாள்: நம் செல்ல மகள் ரூத் விட்டுப்போன சிவப்பு அங்கி பெத்தியாளுக்கு எத்தனை குளிர்காலம் உழைத்தது? வருஷா வருஷம் கேட்கிறாள், நீயும் பதில் எழுத மறந்துவிடுகிறாய்.

உன் தம்பி,
அப்னேர்

*

சால்ட்டர் குடா
1891 நவம்பர் 8

அப்பி,

நாங்கள் சுகமே. உங்கள் இருவர் சுகத்துக்கும் ஞாயிறுதோறும் ஜெபிக்கிறேன். முதல் பனி விழுந்துவிட்டது.

டீக்கன் பேலேக் வீட்டுக்குப் போனேன். சபைப் புத்தகம் அவருடைய பெட்டியில்தான் இருக்கிறது. வெளியே எடுக்கவே அரை மணி நேரம் கெஞ்ச வைத்தார்.

"உங்க ஓபேத் கப்பல்லேர்ந்து எறங்கினப்போ ரெண்டு கோடாலியும் ஒரு பன்னியும்தான் கொண்டுவந்தான். அந்தப் பன்னி எங்க முன்னோர் போட்ட சோளத்தையெல்லாம் தின்னுடுச்சு. உன் தம்பி அத எழுதுவானா?" என்றார்.

"எழுதுவான். உங்க முன்னோர் வேலி போடத் தெரியாதவருன்னும் சேர்த்து எழுதுவான்" என்றேன்.

சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பழைய கையெழுத்து எனக்குப் புரியாது; அவரே படித்தார். 1641, பெத்தியாள். 1646, பெத்தியாள். இரண்டு இடத்தில், இரண்டு மையில் இருக்கிறது. நகல் எடுத்தவர் மேல் தப்பில்லை.

அப்பி, இரண்டு பிள்ளைகள்தான். முதல் பிள்ளை செத்திருக்கும். செத்த பிள்ளையின் பெயரை அடுத்து வருவதற்கு வைப்பார்கள். இது உனக்குத் தெரியாதா?

நிழற்படம் எடுக்கிறவன் இந்தப் பக்கம் வருவதில்லை. அங்கி நல்ல கம்பளி என்று லவினியாவிடம் சொல்.

உன் அக்கா,
கேத்துராள்

*

மரியட்டா
1891 டிசம்பர் 1

அன்புள்ள அக்கா,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மச்சானுக்கு முழங்காலில் தடவ ஒரு குப்பி தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன்.

அந்தக் காலத்து வழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ‘செத்திருக்கும்’ என்று நான் அச்சில் போட முடியுமா? நிலத்தை அளக்கும்போது ‘இங்கே ஒரு கல் இருந்திருக்கும்’ என்று எழுதினால் வழக்குக்குப் போவார்கள். முதல் பெத்தியாள் செத்ததாக எங்கேயும் ஒரு வரி இல்லை. வரி இல்லாவிட்டால் பிள்ளையும் இல்லை. வேறென்ன செய்ய? கோடு போட்டு அவளை அடித்துவிட்டேன்.

அதுவுமில்லாமல், நூறு வருஷமாக நம் வீட்டில் யாரும் அப்படிப் பெயர் வைத்ததில்லை. எனக்கு எல்லாத் தாளும் வந்துவிட்டது, ஒன்றில்கூட இல்லை. உன் வீட்டுத் தாள் மட்டும்தான் பாக்கி. மே மாதம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

உன் தம்பி,
அப்னேர்

*

சால்ட்டர் குடா
1892 ஜனவரி 24

அப்பி,

ஏழு வாரம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. தைலம் வந்தது, எல்க்கானா அதைத் தடவிக்கொண்டு வீடு முழுக்க நாற வைக்கிறார். நீங்கள் சுகம்தானே?

‘அடித்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தாய். எனக்கு அது மனதில் தைத்துக்கொண்டு வேலை ஓடவில்லை. மறுபடி டீக்கனிடம் போனேன்.

"திரும்பவும் வந்துட்டியா? எரநூத்தம்பது வருஷத்துக்கு முன்னால செத்த கொழந்தைக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார்.

"ஞானஸ்நானப் பக்கம் வேண்டாம். சபை கண்டிச்சவங்க பக்கத்தப் படிங்க" என்றேன். அந்தக் காலத்தில் ஓய்வுநாளில் விறகு வெட்டினால்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் சாவை எழுதாதவர்கள் பெரியவர்களின் தப்பை எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

நாலு சனிக்கிழமை படித்தார். நாலாவது சனிக்கிழமை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கேத்துராள், இங்க கேளு" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது:

‘1646, ஜூன். ஓபேத் ஹார்லண்டின் மனைவி தாமரிஸ், தன் பெண்பிள்ளையை ஐந்து வாரம் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவராததால் சபைமுன் நிறுத்தப்பட்டாள். காரணம் கேட்டதற்கு, அந்தப் பெயருடையவள் மண்ணில் இருக்கிறாள், இவள் அவள் அல்ல என்றாள். கண்டிக்கப்பட்டாள். பின்பு கீழ்ப்படிந்தாள்.’

உனக்கு வேண்டிய வரி வந்துவிட்டது. இனி அவளை அடிக்காதே.

உன் அக்கா,
கேத்துராள்

*

மரியட்டா
1892 பிப்ரவரி 14

என் அருமை அக்கா,

நலமாக இருக்கிறோம். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தே தேய்ந்தேன். லவினியா, "அக்கா தங்கம் ஏதும் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டாள். தங்கம்தான்!

படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் அந்தப் பக்கத்தைத் தேடத் தோன்றவில்லை. உனக்கு எப்படித் தோன்றியது? முதல் பெத்தியாளைச் சேர்த்துவிட்டேன். எட்டுப் பிள்ளைகள்.

இனி உன் தாள்தான். அக்கா, ஏன் இழுக்கிறாய்? ஒரு கணவர், ஒரு மகள், நாலு தேதி. உன்னால் முடியாவிட்டால் எனக்குத் தெரிந்ததை நானே நிரப்பிவிடுகிறேன்: பெத்தியாள், பிறப்பு 1867, திருமணம் ஆகவில்லை. சரிதானே?

உன் தம்பி,
அப்னேர்

*

சால்ட்டர் குடா
1892 மார்ச் 13

அப்பி,

இதை நான் தபாலில் போடப் போவதில்லை. எழுதினால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று எழுதுகிறேன்.

நீ நினைத்துக்கொண்டிருக்கும் பெத்தியாள் இல்லை. 1874 ஏப்ரல் 19-ஆம் தேதி போய்விட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. இங்கே இப்போது இருப்பவள் அடுத்த வருஷம் பிறந்தவள். வயது பதினாறு. உன் நிழற்படத்துக்கு அவளை எப்படி உட்கார வைப்பேன்?

அந்தக் குளிர்காலத்தில்தான் உன் ரூத் செங்காய்ச்சலில் போனாள். மார்ச் கடைசியில் உங்கள் பீப்பாய் ரயிலில் வந்தது. உலர்ந்த ஆப்பிள், மேப்பிள் சர்க்கரை, எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த சிவப்பு அங்கி. லவினியா தன் கையால் ஒரு சீட்டு எழுதி அதில் குத்தியிருந்தாள்: ‘வீணாய்ப் போக வேண்டாம், நம் பெத்தியாள் போட்டுக்கொள்ளட்டும்.’ நான்தான் போட்டுவிட்டேன் அப்பி. பொத்தான்களை நான்தான் போட்டேன். "கண்ணாடி எங்கம்மா?" என்று குதித்தாள். கழற்ற மாட்டேன் என்று அதோடே தூங்கினாள். மூன்றாம் நாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் உடம்பெல்லாம் சிவந்துபோயிற்று. காய்ச்சல் விட்டு விட்டு வந்து மூன்று வாரம் இழுத்தது. துணியில் அந்தக் காய்ச்சல் ஒட்டியிருக்கும் என்று வைத்தியர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. எல்க்கானா அங்கியைக் கரையில் வைத்துக் கொளுத்தினார்.

நான் உனக்கு எப்படி எழுதுவேன்? உன் பிள்ளையைப் புதைத்து நாலு மாதம் ஆகவில்லை. லவினியா எழுந்து நடப்பதே அதிசயம் என்று எழுதியிருந்தாய். ஒரு வருஷம் ஒன்றும் எழுதவில்லை. அடுத்தவள் பிறந்தாள். எல்க்கானாவின் அம்மா, "பேர கீழ விழ விடாத" என்றார். சரி என்றேன். பெயர் அதேதான் என்பதால் ‘பெத்தியாள் சுகம்’ என்று உனக்கு எழுத முடிந்தது. அது பொய்யும் இல்லை. அதுவே பதினேழு வருஷம் ஓடிவிட்டது. நம் காலத்து ஊர்ப் பதிவை நீ பார்க்கவே இல்லை. அக்கா சொல்வாள் என்று விட்டுவிட்டாய்.

தாமரிஸ் ஐந்து வாரம் மறுத்தாள். சபை முன்னால் நின்றும் ‘இவள் அவள் அல்ல’ என்றாள். நான் ஐந்து நிமிஷம்கூட மறுக்கவில்லை.

நேற்று உன் கடிதத்தைப் பெத்தியாள் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். "மாமா கணக்குல நான் கெழவி ஆயிட்டேனே அம்மா." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அவ வயசையும் நான்தான் சொமக்கணுமா? அவளுக்கு ஒரு எடம் குடும்மா. எனக்கும் ஒரு எடம் குடு" என்றாள்.

பெற்ற பிள்ளையை நானே அடித்துவிட்டேனே அப்பி. அவளைப் புத்தகத்தில் வைத்தால் நீ காரணம் கேட்பாய். காரணம் சொன்னால் உன்னையும் லவினியாவையும் கொன்றதாகிவிடும்.

கேத்துராள்

*

சால்ட்டர் குடா
1892 ஏப்ரல் 3

அப்பி,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு இரண்டு மகள்கள். மூத்த பெத்தியாள் 1867-இல் பிறந்து 1874 ஏப்ரல் 19-இல் இறந்தாள். ஆலைக் குளத்தில் தவறி விழுந்துவிட்டாள். காரணம் கேட்ட கட்டத்தில் ‘நீரில் மூழ்கி’ என்று எழுதியிருக்கிறேன். இளைய பெத்தியாள் 1875 ஆகஸ்டில் பிறந்தாள். இத்தனை வருஷம் நீ விசாரித்ததெல்லாம் இவளைத்தான்.

அப்போது உங்கள் துக்கத்தின் மேல் இன்னொன்றை வைக்க மனம் வரவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துவிடு. இருவரையும் இரண்டு வரியில் போடு. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

லவினியாவிடம் எப்படிச் சொல்வது என்பது உன் பொறுப்பு.

உன் அக்கா,
கேத்துராள்

*

மரியட்டா
1892 மே 10

அன்புள்ள மதினி,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. தந்தி கொடுக்கச் சொன்னார்கள். தந்தியைப் பார்த்து நீங்கள் விழுந்துவிடக் கூடாதென்று நான்தான் கடிதம் போதும் என்றேன். மே இரண்டாம் தேதி உங்கள் தம்பி நம்மை விட்டுப் போய்விட்டார். ஆற்றங்கரை நிலத்தை அளக்கப் போனவர் மழையில் நனைந்து வந்தார். சளி நெஞ்சில் கட்டி ஐந்தே நாளில் முடிந்துவிட்டது. நல்ல அடக்கம். ரூத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்தது. எனக்குக் காட்டவில்லை. நல்ல செய்தியா என்று கேட்டேன். "அக்கா தாள அனுப்பிட்டா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காகிதங்களையெல்லாம் கட்டி அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், "லவினியா, இனிமே அந்த அங்கியப் பத்திக் கேக்காத" என்றார். ஏன் என்றேன். "பழசாப் போச்சு, விடு" என்றார்.

கடைசி நாளில் காய்ச்சலில் உங்களைக் கூப்பிட்டார். அக்கா, பாவாடை என்று என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

புத்தகம் வந்ததும் உங்களுக்கு முதல் பிரதி. இனி உங்கள் சுகத்தை விசாரிக்க நான் இருக்கிறேன்.

லவினியா ஹார்லண்ட்

*

மரியட்டா
1892 ஜூன் 20

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். காலஞ்சென்ற திரு. அப்னேர் ஹார்லண்ட் தொகுத்த குடும்ப நூலின் பிரதி ஒன்றை அனுப்பியுள்ளோம். தங்கள் குடும்பத் தாளை வேலை முடிந்ததும் தங்களுக்கே, தங்கள் கையிலேயே சேர்ப்பிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அதைத் தனி உறையில் முத்திரையிட்டு இத்துடன் வைத்திருக்கிறோம். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
அச்சகத்தார்

*

சால்ட்டர் குடா
1892 ஜூன் 26

அப்பி,

புத்தகம் வந்தது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தை இளையவள்தான் வாசித்தாள். ‘பெத்தியாள், பிறப்பு 1867, இறப்பு 1874 ஏப்ரல் 19. பெத்தியாள், பிறப்பு 1875 ஆகஸ்ட் 8.’ ஒன்றின்கீழ் ஒன்று. காரணம் எழுதவில்லை. "அம்மா, அவ எனக்கு மேல இருக்கா பாரு" என்றாள். எல்க்கானா தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அந்த இரண்டு வரியையும் தொட்டார். பரண் பக்கம் போய்விட்டார்.

உறையை அவர்கள் இல்லாதபோது பிரித்தேன். என் தாள்தான். நான் எழுதிய ‘நீரில் மூழ்கி’ என்பதன் மேல் நேராக ஒரே கோடு. அதற்கு மேலே உன் கையெழுத்து: ‘செங்காய்ச்சல். எங்கள் ரூத்தின் அங்கியால்.’ ஓரத்தில் அச்சகத்தாருக்குச் சொல்லியிருக்கிறாய்: ‘காரணம் அச்சில் வேண்டாம். தேதிகள் போதும். என் மனைவி இதைப் பார்க்கக் கூடாது.’

நான் சொல்லவில்லை அப்பி. எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. பீப்பாய் வந்த மாதத்தையும் அவள் போன தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா? அந்த ஒரு வருஷம் நான் எழுதாமல் இருந்ததை நினைத்துப் பார்த்தாயா? நிலத்தை அளக்கிறவனிடம் பொய்த் தேதியாவது கொடுத்திருக்கலாம். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

நீ இதைத் தாங்க மாட்டாய் என்றுதான் பதினெட்டு வருஷம் வாயைக் கட்டினேன். நீ தாங்கினாய். இரண்டு வார்த்தை திட்டி ஒரு கடிதம் போட்டிருக்கலாம். லவினியாவிடம் சொல்லி அழுதிருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. கோணாமல் கோடு போட்டு, என் பொய்யை அடித்து, என் பிள்ளைக்கு அவளுடைய சாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இங்கே நாங்கள் சுகம். பெத்தியாள் சுகம், இளையவள்.

அந்த வரியை எழுதிய நேரத்தில் உன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா, அப்பி?